நெடுந்தூர ஓட்டம்: வேகத்தை அளந்து ஓடுவோம்

மாரத்தான் எனப்படும் நெடுந்தூர ஓட்டத்தின் தொலைவு 42.195 கிலோமீட்டர். இத்தொலைவை ஓடி முடிப்பது உலகப் புகழ் பெற்ற வீரர்களுக்கு மட்டுமே உரியது என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரியன்று. பகல் முழுவதும் உழைத்துப் பிழைக்கும் ஆண்களும் பெண்களும் உலகின் பல நகரங்களில் இவ்வோட்டத்தை ஓடி முடிக்கின்றனர். எனினும், முறையான பயிற்சியின்றி ஒருநாள் உற்சாகத்தில் இறங்கி ஓடியவர்கள் முழங்கால் வலியோடு திரும்பியதும், மயங்கி விழுந்ததும் உண்டு. நாட்கூலிக்கு உழைப்பவருக்குக் கால்களே முதல். ஆகவே, இவ்வோட்டத்திற்கு எவ்வாறு ஆயத்தமாவது, எந்த வேகத்தில் ஓடுவது என்னும் இரண்டு செய்திகளையும் இக்கட்டுரையில் படிப்படியாகக் காண்போம்.

தண்ணீர் சுமந்தவர் பெற்ற வெற்றி

முதலாவது நவீன ஒலிம்பிக் போட்டிகள் 1896ஆம் ஆண்டில் கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரில் நடைபெற்றன. மாரத்தான் என்ற ஊரிலிருந்து ஏதென்ஸ் வரை ஏறத்தாழ 40 கிலோமீட்டர் ஓட வேண்டிய போட்டியும் அவற்றுள் ஒன்று. பிரான்சு நாட்டு வீரர் லெர்முசியோ தொடக்கத்திலேயே மிக வேகமாக ஓடி முந்திச் சென்றார். அவருக்குப் பின் ஆஸ்திரேலிய வீரர் எட்வின் பிளாக் முன்னணிக்கு வந்தார். அதே போட்டிகளில் 800 மீட்டர், 1,500 மீட்டர் ஓட்டங்களில் வெற்றி பெற்றிருந்தவர் அவர். ஆயினும், இருவராலும் ஓட்டத்தை முடிக்க இயலவில்லை. வழியிலேயே களைத்து விலகினர்.

அவர்களுக்குப் பின்னே நிதானமாக வந்துகொண்டிருந்தவர் ஸ்பிரிடோன் லூயிஸ் என்பவர். ஏதென்சுக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றில் தண்ணீர் கொண்டு செல்லும் தொழில் செய்துவந்தவர். அவரே 2 மணி 58 நிமிடம் 50 விநாடியில் முதலாவதாக வந்து வாகை சூடினார். இன்று வழக்கிலுள்ள 42.195 கிலோமீட்டர்த் தொலைவு 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்டது. 1921இல் அதுவே நிலையான தொலைவாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

நம் வட்டாரத்திலும் சான்றுகள் உண்டு. 1983ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நடைபெற்ற தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் பெண்களுக்கான மாரத்தானில் கே. ஜெயமணி தங்கம் வென்றார். 1998ஆம் ஆண்டு கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் வேகநடையில் ஜி. சரவணன் மலேசியாவுக்குத் தங்கம் பெற்றுத் தந்தார். நெடுந்தூரத்தை வெல்வது பொறுமையும் அளவறிந்த வேகமுமே என்பதற்கு இவர்கள் எடுத்துக்காட்டு.

உழைக்கும் உடலின் பலமும் குறையும்

பால்மரம் வெட்டுபவர் விடியுமுன் எழுந்து, மேடும் பள்ளமுமான நிரைகளில் மரத்துக்கு மரம் நடந்து, பின்னர் பாலை எடுத்துச் சுமந்து வருகிறார். இவ்வுழைப்பினால் கணுக்காலும் கெண்டைக்காலும் உறுதி பெறுகின்றன. நெடுநேரம் நின்று நடக்கும் பழக்கமும் உண்டாகிறது. நகரத்தில் நாற்காலியில் அமர்ந்து பணி செய்பவரைவிட இவருக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு.

ஆனால், நடப்பது வேறு, ஓடுவது வேறு. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. மூச்சும் இதயமும் சில வாரங்களிலேயே பழகிவிடும். எலும்பும் தசைநாணும் பழகுவதற்கோ பல மாதங்கள் தேவைப்படும். "மூச்சு வாங்கவில்லையே, இன்னும் வேகமாக ஓடலாமே" என்று எண்ணுகிற இரண்டாவது மாதத்தில்தான் பெரும்பாலோர் காலைப் புண்படுத்திக்கொள்கின்றனர்.

மேலும், தோட்டத் தொழிலாளி ஏற்கெனவே ஒரு நாள் உழைப்பைச் செய்துவிட்டுப் பயிற்சிக்கு வருகிறார். அந்த உழைப்பையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாள் ஓடினால் போதும். கூடுதல் பால் கிடைக்கும் என்று ஒரு மரத்தை ஓய்வின்றி வெட்டினால் பட்டை வறண்டுவிடும் என்பதை நாம் அறிவோம். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் முறை மரத்துக்கு எதற்காக வகுக்கப்பட்டதோ, அதே காரணம் மனித உடலுக்கும் பொருந்தும். உடல் வலுப்பெறுவது ஓடும் நேரத்தில் அன்று, ஓய்வெடுக்கும் நேரத்திலேயே.

முதற்கண் மருத்துவப் பரிசோதனை

நாற்பது வயதைக் கடந்தவர்கள், நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, இதயநோய், ஆஸ்துமா ஆகியவை உள்ளவர்கள், புகைபிடிப்பவர்கள், குடும்பத்தில் இளவயதில் இதயநோயால் இறந்தோரைக் கொண்டவர்கள் ஆகியோர் பயிற்சியைத் தொடங்குமுன் அரசாங்கச் சுகாதார நிலையத்திற்குச் சென்று மருத்துவரைக் காண வேண்டும். நீரிழிவுக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்களுக்கு ஓட்டத்தினால் சர்க்கரை திடீரெனக் குறையக்கூடும். மருந்தின் அளவை மருத்துவரே கூறவேண்டும், நாமாக மாற்றிக்கொள்ளலாகாது.

ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், இடக்கை அல்லது தாடையில் வலி, தலைசுற்றல், காரணமற்ற மூச்சுத்திணறல் ஏதேனும் தோன்றினால் உடனே நிறுத்தி, உதவி நாட வேண்டும். காய்ச்சல் உள்ள நாளில் ஓடவே கூடாது.

தொலைவை அளக்கும் முறை

வேகத்தை அறியத் தொலைவும் நேரமும் தெரிய வேண்டும். நேரத்தைக் கைக்கடிகாரமே காட்டிவிடும். தொலைவை அளக்க மூன்று வழிகள் உள்ளன.

மோட்டார் சைக்கிளின் மீட்டரைப் பார்த்துத் தோட்டச் சாலையில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஓர் அடையாளம் இட்டுக்கொள்வது முதல் வழி. சைக்கிள் சக்கரத்தைப் பயன்படுத்துவது இரண்டாவது வழி. சக்கரத்தின் காற்றடைப்பு ஊசி தரையை நோக்கி இருக்கும்போது தரையில் கோடிட்டு, சக்கரம் ஒருமுறை சுழன்றதும் மீண்டும் கோடிட்டு, இடைப்பட்ட நீளத்தை அளக்க வேண்டும். அது 2 மீட்டராயின் 500 சுற்று ஒரு கிலோமீட்டர். கைத்தொலைபேசியில் உள்ள செயலி மூன்றாவது வழி. ஆயினும், அடர்ந்த மரநிழலில் அதன் கணக்குச் சற்றுப் பிசகக்கூடும். ஆகவே, அளந்து வைத்த சாலையே நம்பத்தக்கது.

வேகத்தைக் கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்று குறிப்பதே ஓட்டக்காரர் வழக்கம். 5 கிலோமீட்டரை 40 நிமிடத்தில் ஓடினால், அவர் வேகம் கிலோமீட்டருக்கு 8 நிமிடம். எண் குறையக் குறைய வேகம் மிகுதி என்பதை நினைவிற் கொள்க.

மூன்று வகை வேகம்

1. பேச்சு வேகம்: பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம். வாரத்தில் ஓடும் தொலைவில் ஐந்தில் நான்கு பங்கு இவ்வேகத்தில் அமைய வேண்டும்.

2. நிதான முயற்சி வேகம்: மூன்று, நான்கு சொற்களுக்கு மேல் தொடர்ந்து பேச இயலாத வேகம். பயிற்சி முதிர்ந்த பின்னரே வாரத்தில் ஒரு நாள் சிறிது தூரம் இதனை மேற்கொள்ளலாம்.

3. விரைவு வேகம்: ஒரு சொல்லுக்கு மேல் பேச முடியாத வேகம். புதிதாகத் தொடங்குவோர்க்கு இது தேவையில்லை.

தனியே ஓடுபவர் நாடியைக் கொண்டும் அறியலாம். 220இலிருந்து வயதைக் கழித்தால் இதயத்தின் உச்சத் துடிப்பு ஏறத்தாழக் கிடைக்கும். வயது 40 எனில் அது 180. பேச்சு வேகத்தில் இதில் நூற்றுக்கு 60 முதல் 75 வரை, அதாவது நிமிடத்திற்கு 108 முதல் 135 வரை துடிக்கலாம். ஓட்டத்தை நிறுத்தியவுடன் மணிக்கட்டில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி, நான்கால் பெருக்குக. இது தோராயக் கணக்கே. ஆளுக்கு ஆள் வேறுபடும். ஐயம் ஏற்படின் பேச்சுச் சோதனையையே நம்புக.

மெதுவாக ஓடுவது வீண் என்று இளைஞர்கள் கருதுகின்றனர். உண்மை வேறு. மெதுவான ஓட்டத்தில்தான் தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. கொழுப்பை எரித்து ஆற்றல் பெறும் திறன் வளர்கிறது. நெடுந்தூர ஓட்டத்துக்கு அடித்தளம் இதுவே.

முதல் 12 வாரங்கள்

வாரத்தில் மூன்று நாள், இடையே ஒரு நாளாவது ஓய்வு விட்டு, பின்வருமாறு பயிலலாம். ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் 10 நிமிடமும் முடிவில் 5 நிமிடமும் நடக்க வேண்டும்.

1, 2ஆம் வாரம்: 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 8 முறை.
3, 4ஆம் வாரம்: 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 7 முறை.
5, 6ஆம் வாரம்: 4 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 5 முறை.
7, 8ஆம் வாரம்: 8 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 3 முறை.
9, 10ஆம் வாரம்: 15 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 2 முறை.
11, 12ஆம் வாரம்: இடைவிடாமல் 30 நிமிடம் ஓட்டம்.

ஒரு படி கடினமாக இருப்பின் அதே படியை மேலும் ஒரு வாரம் தொடர்க. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 12 வாரம் முடிந்த பின், சில மாதங்கள் செலவிட்டு 10 கிலோமீட்டர் ஓடும் நிலைக்கு வருக. மாரத்தானுக்கு முன் 10 கிலோமீட்டர்ப் போட்டியிலும், 21 கிலோமீட்டர் அரை மாரத்தானிலும் கலந்துகொள்வது நன்று. இன்று முதலடி எடுத்து வைப்பவர் ஓராண்டு கழித்து மாரத்தான் ஓடலாம் என்று திட்டமிடுவதே அறிவுடைமை.

மாரத்தானுக்கு 18 வாரங்கள்

10 முதல் 12 கிலோமீட்டர் வரை எளிதாக ஓட வல்லவர் 18 வாரத்தில் ஆயத்தமாகலாம். வாரநாட்களில் இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 5 முதல் 8 கிலோமீட்டர் ஓடினால் போதும். வேலையில்லாத நாளில் ஒரு நீண்ட ஓட்டம் வேண்டும். முதல் வாரம் தொடங்கி 17ஆம் வாரம் வரை அதன் தொலைவு கிலோமீட்டரில் முறையே இவ்வாறு அமையலாம்: 12, 14, 16, 12, 18, 20, 22, 16, 24, 26, 28, 20, 30, 22, 30, 20, 12. பதினெட்டாவது வாரம் போட்டி.

ஒவ்வொரு நான்காவது வாரமும் தொலைவு குறைக்கப்பட்டிருப்பதைக் காண்க. உடல் தன்னைச் சரிசெய்துகொள்ளும் வாரம் அது. கடைசி 30 கிலோமீட்டர் ஓட்டத்துக்கும் போட்டிக்கும் இடையே மூன்று வாரம் விடப்பட்டுள்ளதையும் காண்க. அக்காலத்தில் கூடுதலாக ஓடி எந்தப் பலனும் பெற முடியாது, களைப்பையே பெறலாம். பயிற்சியில் 42 கிலோமீட்டர் ஓடிப் பார்க்கவும் தேவையில்லை.

போட்டிக்குரிய வேகத்தைக் கணக்கிடுதல்

போட்டிக்கு ஆறு வாரம் முன்பு, நன்கு ஓய்வெடுத்த ஒரு நாளில், 5 கிலோமீட்டரைச் சீரான வேகத்தில் முழு முயற்சியோடு ஓடி நேரத்தைக் குறித்துக்கொள்க. அனுபவமிக்க ஓட்டக்காரர்க்கு அந்த நேரத்தைப் போல் ஏறத்தாழ 9.6 மடங்கு மாரத்தானுக்கு ஆகும் என்பது வழக்கமான கணக்கு. முதன்முறை ஓடுபவர் 10ஆல் பெருக்கிக்கொள்வது பாதுகாப்பானது.

எடுத்துக்காட்டாக, ஒருவர் 5 கிலோமீட்டரை 32 நிமிடத்தில் ஓடுகிறார் என்று கொள்வோம். 10ஆல் பெருக்க 320 நிமிடம், அதாவது 5 மணி 20 நிமிடம். இதனை 42.195ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 7 நிமிடம் 35 விநாடி. இதுவே அவருக்குரிய போட்டி வேகம். பயிற்சியின் நீண்ட ஓட்டங்களை அவர் 8 நிமிட வேகத்தில் ஓடலாம். தாம் கலந்துகொள்ளும் போட்டியில் எத்தனை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்னும் விதியையும் பதிவு செய்யுமுன் கேட்டறிய வேண்டும்.

அண்ணனும் தம்பியும்: ஒரு கணக்கு

சமமான ஆற்றல் உடைய அண்ணன், தம்பி இருவர் ஓடுவதாகக் கற்பனை செய்வோம். அண்ணன் தொடக்கம் முதல் இறுதிவரை 7 நிமிடம் 35 விநாடி வேகத்தில் ஓடுகிறார். தம்பி கூட்டத்தின் ஆரவாரத்தில் 6 நிமிட வேகத்தில் பாய்கிறார்.

20ஆவது கிலோமீட்டரைத் தம்பி 2 மணி நேரத்தில் கடக்கிறார். அண்ணன் அவ்விடத்துக்கு 31 நிமிடம் 40 விநாடி பிந்தி வருகிறார். தம்பி களைத்து, அடுத்த 10 கிலோமீட்டரை 7 நிமிடம் 30 விநாடி வேகத்தில் ஓடுகிறார். 30ஆவது கிலோமீட்டரில் அவர் 32 நிமிடம் 30 விநாடி முன்னே இருக்கிறார். பார்ப்பவர்கள் தம்பியே வெல்வார் என்பர். ஆனால், அவருடைய கால்கள் இனி ஓட மறுக்கின்றன. எஞ்சிய தொலைவைக் கிலோமீட்டருக்கு 12 நிமிடமாக நடக்கிறார். அண்ணன் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் 4 நிமிடம் 25 விநாடியை மீட்டுக்கொண்டே வருகிறார். 37ஆவது கிலோமீட்டரைத் தாண்டியதும் தம்பியைக் கடக்கிறார். முடிவில் அண்ணனுக்கு 5 மணி 20 நிமிடம். தம்பிக்கு 5 மணி 41 நிமிடம்.

இதன் காரணம் யாது? அரிசி, கோதுமை, பழம் முதலியவற்றிலுள்ள மாச்சத்து நம் தசைகளிலும் கல்லீரலிலும் ஓரளவே சேமித்து வைக்கப்படுகிறது. வேகம் கூடக்கூட உடல் கொழுப்பை விடுத்து மாச்சத்தையே மிகுதியாக எரிக்கிறது. விரைந்து தொடங்கியவரின் சேமிப்பு 30 கிலோமீட்டர் அளவில் தீர்ந்துவிடுகிறது. பிறகு மனவுறுதி இருந்தும் கால்கள் நகர்வதில்லை. மாதச் சம்பளத்தை முதல் வாரத்திலேயே செலவழித்தவன் நிலையே அது.

தேர்ந்த வீரர்களும் இவ்விதிக்கு விலக்கல்லர். 2023ஆம் ஆண்டு சிக்காகோ நகரில் கென்ய நாட்டின் கெல்வின் கிப்டம் 2 மணி 35 விநாடியில் மாரத்தானை முடித்து உலகச் சாதனை படைத்தார். முதற்பாதிக்கு அவர் எடுத்துக்கொண்டது 60 நிமிடம் 48 விநாடி. இரண்டாம் பாதிக்கு 59 நிமிடம் 47 விநாடி. பிற்பாதியே விரைவானது என்பதைக் கவனிக்க.

வெயில், நீர், உணவு

நம் நாட்டு வெப்பமும் ஈரப்பதமும் ஓட்டக்காரருக்குப் பெரும் சோதனை. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை எளிதில் உலராது, உடல் குளிராது. ஆகவே, குளிர்நாட்டார் எழுதிய அட்டவணையிலுள்ள வேகத்தை இங்கு அப்படியே பின்பற்றலாகாது. நீண்ட ஓட்டத்தை விடியுமுன் 5 மணிக்குத் தொடங்குக. வாரநாட்களில் மாலை 5.30 மணிக்குப் பின் ஓடலாம். இடி மின்னல் இருந்தால் திடலிலும் மரத்தடியிலும் நிற்காமல் கட்டடத்துக்குள் சென்றுவிட வேண்டும். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளியில் ஓடுவதைத் தவிர்க்க.

தாகத்துக்கேற்ப அவ்வப்போது சிறிது சிறிதாக நீர் பருகுக. அளவுக்கு மீறி வெறும் நீரையே குடித்தாலும் இரத்தத்தில் உப்புக் குறைந்து ஆபத்து நேரும். ஓடுபவரின் பேச்சுக் குழறினால், நடை தள்ளாடினால், மனம் தடுமாறினால், அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். உடனே நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, குளிர்ந்த நீரை உடல் முழுவதும் ஊற்றி, விசிறி, அவசர உதவிக்கு 999ஐ அழைக்க வேண்டும். நினைவு தெளியாதவர் வாயில் நீர் ஊற்றக் கூடாது.

போட்டியன்று இரண்டு, மூன்று மணி நேரம் முன்னதாகப் பழகிய உணவை உண்க. இட்டலி, ரொட்டி, வாழைப்பழம் ஏற்றவை. வழியிலும் முதல் மணி நேரத்திலிருந்தே வாழைப்பழம் போன்றவற்றைச் சிறிது சிறிதாக உண்ணலாம். போட்டி நாளில் புதிய உணவும் வேண்டாம். புதிய காலணியும் வேண்டாம். காலணியின் நுனியில் பெருவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். தொடை, அக்குள் பகுதிகளில் வாசலின் தடவிக்கொண்டால் உராய்வுப் புண் ஏற்படாது.

சாலையில் கவனம்

இருளில் ஓடுபவர் வெள்ளாடை அணிந்து, கைவிளக்கு ஏந்தி, வாகனங்களை எதிர்நோக்கியவாறு சாலையின் வலப்புறம் ஓட வேண்டும். இருவர் மூவராகச் சேர்ந்து ஓடுவது பெண்களுக்கு மட்டுமன்றி அனைவருக்கும் பாதுகாப்பு. பேச்சு வேகத்தைக் கடைப்பிடிக்கவும் துணை வேண்டுமன்றோ?

ஓரிடத்தில் மட்டும் தோன்றி, ஓட ஓட மிகும் வலி, நடையையே மாற்றிவிடும் வலி ஆகியவை எச்சரிக்கை. அன்றைய ஓட்டத்தைக் கைவிடுக. ஒரு நாள் ஓட்டம் போனால் இழப்பில்லை. வலியோடு ஓடி ஒரு மாதம் மரம் வெட்டப் போக முடியாமற் போனால், அந்த இழப்பு முழுக் குடும்பத்துக்கும் ஆகும்.

பயிற்சி வினாக்கள்

1. ஒரு சகோதரி 5 கிலோமீட்டரை 36 நிமிடத்தில் ஓடுகிறார். முதன்முறையாக மாரத்தான் ஓடும் அவருக்கு ஏற்ற வேகம் என்ன? (விடை: மொத்தம் 6 மணி நேரம், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 8 நிமிடம் 32 விநாடி.)

2. காலை 5 மணிக்குத் தொடங்கி 8 நிமிட வேகத்தில் 30 கிலோமீட்டர் ஓடுபவர் எப்போது முடிப்பார்? (விடை: 9 மணிக்கு.)

3. இரண்டாம் மாதத்தில் வேகத்தைக் கூட்டுவது ஏன் தவறு? (விடையைக் கட்டுரையில் காண்க.)

தோட்ட இளைஞர்களும், தாய்மார்களும், பள்ளி ஆசிரியர்களும் ஒன்றுகூடி ஒரு சிறிய ஓட்டக் குழுவை அமைத்துக்கொள்ளலாம். அதற்குத் திடலும் கடிகாரமும் ஓர் அளவிட்ட சாலையுமே மூலதனம். மாரத்தான் ஓடாவிடினும், வாரம் மூன்று நாள் பேச்சு வேகத்தில் ஓடுபவரின் இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் கட்டுக்குள் நிற்க அது துணை செய்யும். முதல் வாரத்துக்குரிய 1 நிமிட ஓட்டமும் 2 நிமிட நடையும் எவராலும் இயலக்கூடியவை. இந்த வாரமே அதனைத் தொடங்குக. அடுத்த வாரத்தின் வேகத்தை அடுத்த வாரம் பார்த்துக்கொள்வோம்.